எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர் என்றால் என்ன? ஹைதராபாத் வரும் வெளிநாட்டு மாணவர்களிடமிருந்து நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கச்சிபௌலியிலோ நானக்ராம்குடாவிலோ வேலை பார்க்கிறீர்களா? அப்படியானால் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் வாசலைப் பலமுறை கடந்து போயிருப்பீர்கள். அந்த வளாகத்தில் 1998 முதல் 'ஸ்டடி இன் இந்தியா புரோகிராம்' என்ற திட்டம் இயங்கி வருகிறது. அமெரிக்கா போன்ற நாடுகளில் டிகிரி படிக்கும் மாணவர்கள் ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ இங்கே வந்து படித்துவிட்டு, வாங்கிய கிரெடிட்டுகளோடு தங்கள் கல்லூரிக்கே திரும்பிப் போகிறார்கள்.

நம் வீடுகளில் 'ஃபாரின் படிப்பு' என்றால் உடனே நினைவுக்கு வருவது இரண்டு வருட மாஸ்டர்ஸ், கல்விக் கடன், அதற்கப்புறம் வேலை விசா. ஒரு செமஸ்டர் மட்டும் போய்வரும் வழி பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்து போகிறவர்களிலும் சிலர், திரும்பி வந்த பிறகு கிரெடிட் சேராமல், அதே பாடங்களை மறுபடியும் எழுதித் திண்டாடுகிறார்கள்.

வேலையை விட்டுவிட்டு எம்பிஏ சேரலாமா என்று யோசிப்பவராக இருந்தாலும், கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைக்கு ஆலோசனை சொல்பவராக இருந்தாலும், இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஹைதராபாத்தை வைத்தே பார்க்கலாம்.

எக்ஸ்சேஞ்ச் வேறு, ஸ்டடி அப்ராட் வேறு

இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறோம். ஆனால் கட்டணம் எங்கே கட்டுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் போட்டு மாணவர்களை மாற்றிக்கொள்வது எக்ஸ்சேஞ்ச். நீங்கள் படிப்புக் கட்டணத்தை வழக்கம்போல உங்கள் கல்லூரிக்கே கட்டுவீர்கள். போகும் இடத்தில் படிப்புக் கட்டணம் கிடையாது. விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு ஆகியவை உங்கள் பொறுப்பு. எத்தனை பேர் போகிறார்களோ, ஏறக்குறைய அத்தனை பேர் அங்கிருந்து வர வேண்டும் என்பதால் இடங்கள் குறைவு.

ஒப்பந்தம் இல்லாமலோ, ஏற்பாட்டு நிறுவனம் ஒன்றின் வழியாகவோ போய், அங்கேயே முழுக் கட்டணம் கட்டிப் படிப்பது ஸ்டடி அப்ராட். இடம் கிடைப்பது எளிது, செலவு அதிகம். ஹைதராபாத் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு வகை மாணவர்களும் வருகிறார்கள்.

மூன்றாவது வகை, முழு டிகிரிக்காக வருபவர்கள். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஆப்பிரிக்க, மேற்காசிய மாணவர்களில் பலர் இந்த வகை. இந்தியக் கலாச்சார உறவுகள் கவுன்சிலின் உதவித்தொகையில் வருபவர்களும் இவர்களில் உண்டு. இவர்கள் எக்ஸ்சேஞ்ச் மாணவர்கள் அல்ல.

பெயர்க் குழப்பம் ஒன்றும் இருக்கிறது. மத்திய அரசு 2018இல் தொடங்கிய 'ஸ்டடி இன் இந்தியா' வெளிநாட்டு மாணவர்களை இந்தியக் கல்லூரிகளில் சேர்க்கும் தேசியத் திட்டம். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் திட்டம் அதற்கு 20 வருடம் மூத்தது.

வருபவர்கள் என்ன படிக்கிறார்கள்?

1974இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகம், முதலில் நகரின் நடுவே அபிட்ஸ் பகுதியில் சரோஜினி நாயுடுவின் வீடான 'கோல்டன் த்ரெஷோல்ட்'டில் இயங்கியது. பிறகுதான் கச்சிபௌலியின் பாறைக் காட்டுக்கு வந்தது. இங்கே ஜூலை வாக்கில் தொடங்கும் பருவத்துக்கு 'மான்சூன் செமஸ்டர்' என்றும், ஜனவரியில் தொடங்குவதற்கு 'வின்டர் செமஸ்டர்' என்றும் பெயர்.

வெளிநாட்டு மாணவர்களுக்கென்று தெலுங்கு, இந்தி மொழி வகுப்புகள், நடனம், இந்தியச் சமூகம் பற்றிய பாடங்கள் தனியாக உண்டு. அவற்றோடு, இங்குள்ள எம்ஏ மாணவர்களோடு உட்கார்ந்து வழக்கமான பாடங்களையும் எடுக்கலாம். வளாகத்திலேயே தாகூர் இன்டர்நேஷனல் ஹவுஸ் என்ற விடுதி இருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஹைதராபாத்துக்கு வருபவர், தன் ஊரிலேயே கிடைக்கும் பாடத்தை இங்கே வந்து திரும்பப் படிப்பதில்லை. இங்கே மட்டும் கிடைப்பதை எடுக்கிறார். ஆனால் அந்தப் பாடம் தன் டிகிரியில் எந்த இடத்தில் உட்காரும் என்பதைக் கிளம்பும் முன்பே தன் கல்லூரியில் பேசி முடித்துவிடுகிறார். நம்மவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கிரெடிட்: எழுத்தில் வாங்குங்கள்

"போயிட்டு வாங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று துறைத் தலைவர் வாயால் சொல்வது போதாது. அங்கே எடுக்கப்போகும் ஒவ்வொரு பாடமும் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடாகும், எத்தனை கிரெடிட், மதிப்பெண் எப்படி மாற்றப்படும் என்பதைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் இந்த ஆவணத்துக்கு 'லேர்னிங் அக்ரிமென்ட்' என்று பெயர். நீங்கள், உங்கள் கல்லூரி, அந்தக் கல்லூரி என மூன்று தரப்பும் கையெழுத்திடும்.

கிரெடிட் கணக்கும் ஊருக்கு ஊர் மாறும். ஐரோப்பிய முறையில் ஒரு முழு வருடப் படிப்பு 60 கிரெடிட், அதாவது செமஸ்டருக்கு 30. இந்தியாவில் பொதுவாக ஒரு செமஸ்டர் 20 கிரெடிட்டைச் சுற்றி வரும். அங்கே 6 கிரெடிட் பாடம் என்றால் இங்கேயும் 6 என்று நினைத்துவிடக் கூடாது.

அங்கே போன பிறகு பாடம் நிரம்பிவிட்டது, நேரம் ஒத்துவரவில்லை என்று மாற்ற நேர்வது சகஜம். மாற்றிய அன்றே உங்கள் கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். திரும்பி வந்து கெஞ்சுவதைவிட இது எளிது.

இந்திய விதிகளும் கொஞ்சம் இளகியிருக்கின்றன. 2021இல் வந்த 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' மாணவரின் கிரெடிட்டுகளை ஒரே கணக்கில் சேர்த்து வைக்கிறது. 2022இல் யுஜிசி கொண்டுவந்த விதிகள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ட்வின்னிங், கூட்டு டிகிரி, இரட்டை டிகிரி நடத்த வழிசெய்கின்றன. ட்வின்னிங்கில் 30 சதவீதம் வரையிலான கிரெடிட்டுகளை வெளிநாட்டில் படிக்கலாம். ஆனால் உங்கள் கல்லூரி அதற்கான ஒப்பந்தம் போட்டிருந்தால்தான் இதெல்லாம் உதவும்.

காலண்டர்: ஒன்றுக்கு இரண்டு போகலாம்

அமெரிக்க மாணவருக்கு ஹைதராபாத்தின் மான்சூன் செமஸ்டர் ஏறக்குறையப் பொருந்திவிடும். அவர்களுடைய ஃபால் செமஸ்டரும் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரைதான். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போய்விடலாம்.

இதையே நீங்கள் ஜெர்மனிக்குப் போவதாக வைத்துப் பாருங்கள். அங்கே குளிர்கால செமஸ்டர் வகுப்புகள் அக்டோபரில் தொடங்கி பிப்ரவரி வரை ஓடும், தேர்வு அதற்கு மேலும் இழுக்கும். நம் ஊரில் ஒரு செமஸ்டர் ஜூலை வாக்கில் தொடங்கும், அடுத்தது ஜனவரி வாக்கில். ஆக, ஒரு ஜெர்மன் செமஸ்டர் இரண்டு இந்திய செமஸ்டர்களின் மேல் விழுகிறது. கேம்பஸ் இன்டர்வியூவும் அதே மாதங்களில் வந்தால் சிக்கல் இரட்டிப்பு.

எம்பிஏ மாணவர்களுக்கும் இது பொருந்தும். பல ஐஐஎம்களிலும் ஹைதராபாத் ஐஎஸ்பியிலும் எக்ஸ்சேஞ்ச் வாய்ப்பு உண்டு. சேரும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி: "எக்ஸ்சேஞ்ச் போனவர்கள் பிளேஸ்மென்ட்டில் எப்படிக் கலந்துகொண்டார்கள்?" இந்தக் கேள்வியை அலுவலகத்திடம் மட்டும் கேட்காதீர்கள். போய்வந்த சீனியர் ஒருவரிடமும் கேளுங்கள்.

பணம் யார் தருவார்?

ஐரோப்பாவுக்கு என்றால் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தைப் பாருங்கள். 1987இல் ஐரோப்பிய நாடுகளுக்குள் தொடங்கிய திட்டம் இது. இப்போது இந்தியக் கல்லூரிகளோடு ஒப்பந்தம் வைத்துள்ள ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் வழியாக நம் மாணவர்களும் 2 முதல் 12 மாதம் வரை போய்வரலாம். மாத உதவித்தொகையும் பயணப்படியும் கிடைக்கும், படிப்புக் கட்டணம் கிடையாது. உங்கள் கல்லூரிதான் உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். எராஸ்மஸ் முண்டஸ் இதிலிருந்து வேறுபட்டது. அது முழு மாஸ்டர்ஸ் படிப்பு, அதற்கு நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

விசா: படிக்கவும், சுற்றவும்

இந்தியாவுக்கு மாணவர் விசாவில் வருபவரின் விசா 180 நாளுக்கு மேற்பட்டதாக இருந்தால், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இப்போது இது ஆன்லைனிலேயே நடக்கிறது. வார இறுதியில் வெளியூர் போனால், தங்கும் விடுதி அவரைப் பற்றிய தகவலை அரசுக்கு அனுப்ப வேண்டும். அந்த வசதி இல்லாத சிறிய லாட்ஜுகள் "ஃபாரினருக்கு ரூம் இல்லீங்க" என்று கைவிரிப்பது இதனால்தான். உங்கள் வெளிநாட்டு நண்பரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் முதலிலேயே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

நீங்கள் ஐரோப்பா போனால், ஒரு ஷெங்கன் நாட்டின் நீண்டகால மாணவர் விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருக்கும்போது, மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை சுற்றலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேராது.

"ஊர் சுத்தவா போற?"

வீட்டில் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். ஆமாம் என்றே சொல்லலாம். ஹைதராபாத்துக்கு வரும் மாணவர் சுற்றியுள்ள தக்காணத்தைப் பார்க்காமல் திரும்பினால், படிப்பில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார். ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் உங்களுக்கும் இதே பட்டியல் உதவும்.

கோல்கொண்டா: வளாகத்திலிருந்து அரைநாளில் பார்த்துவிடலாம். 1518 முதல் 1687 வரை ஆண்ட குதுப் ஷாஹிகளின் கோட்டை. அவுரங்கசீப்பின் படை எட்டு மாதம் முற்றுகையிட்டுத்தான் இதைப் பிடித்தது. கச்சேரிகளில் நாம் கேட்கும் பத்ராசல ராமதாசர் கீர்த்தனைகளுக்கும் இந்தக் கோட்டைக்கும் தொடர்பு உண்டு. வரிப்பணத்தைக் கோயில் கட்டச் செலவழித்ததாக அவர் சிறைவைக்கப்பட்டது இங்கேதான். அந்த இடத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

பீதர்: மேற்கே சுமார் 140 கிலோமீட்டர், கர்நாடக எல்லைக்குள். பஹ்மனி சுல்தான்களின் தலைநகரம். ஈரானின் கீலான் பகுதியிலிருந்து வந்து அமைச்சரான மஹ்மூத் கவான், 1472இல் இங்கே ஒரு பெரிய மதரசாவைக் கட்டினார். நூலகம், வகுப்பறைகள், ஆசிரியரும் மாணவரும் தங்கும் அறைகள் எல்லாம் அதில் இருந்தன. கடல் கடந்த ஊர்களிலிருந்து அறிஞர்கள் வந்தார்கள். தக்காணத்துக்கு வெளிநாட்டார் படிக்க வருவது 1998இல் தொடங்கிய கதை இல்லை என்பது இங்கே நின்றால் புரியும். வரும்போது பீத்ரி வேலைப்பாடு செய்யும் பட்டறை ஒன்றையும் பாருங்கள். கறுப்பு உலோகத்தில் வெள்ளி இழைக்கும் கலை அது. அந்தக் கறுப்பை ஏற்ற, பீதர் கோட்டையின் மண்ணைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

வாரங்கல், ராமப்பா: வாரங்கல் சுமார் 150 கிலோமீட்டர், ரயிலில் போகலாம். காகதீயர்களின் ஆயிரங்கால் கோயிலும் கோட்டைத் தோரணங்களும் அங்கே. அங்கிருந்து இன்னும் 70 கிலோமீட்டர் அளவில் பாலம்பேட்டையில் ராமப்பா கோயில். 13ஆம் நூற்றாண்டின் இந்தக் கோயில் 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கோபுரத்தில் எடை மிகக் குறைந்த செங்கல், அடித்தளத்தில் மணல் என்ற கட்டுமான முறை பொறியியல் படித்தவர்களை நிறுத்திப் பார்க்க வைக்கும். இதற்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

நாகார்ஜுனகொண்டா: தெற்கே சுமார் 150 கிலோமீட்டர். 3ஆம் நூற்றாண்டில் இக்ஷ்வாகு மன்னர்களின் தலைநகரம், பௌத்த மடங்களின் ஊர். இலங்கைத் துறவிகளுக்கென்றே இங்கே ஒரு விகாரம் இருந்தது. அவர்களோடு தொடர்புடைய கல்வெட்டு ஒன்று காஷ்மீரம், காந்தாரம், சீனம் ஆகியவற்றோடு தமிழ் நாட்டையும் குறிப்பிடுகிறது. அணை கட்டியபோது பள்ளத்தாக்கு நீரில் மூழ்க, அகழ்ந்தெடுத்தவற்றை மலையுச்சிக்கு மாற்றினார்கள். அந்த உச்சி இப்போது தீவு. படகில்தான் போக வேண்டும், படகு ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வின்டர் செமஸ்டரில் வருபவர்கள் இவற்றையெல்லாம் மார்ச் தொடங்கும் முன் முடித்துவிடுவது நல்லது. ஏப்ரல் வெயிலில் கோல்கொண்டா ஏறுவது தண்டனை. மான்சூன் செமஸ்டரில் வருபவர்களுக்கு போனாலு, பதுகம்மா இரண்டு பண்டிகைகளும் கிடைக்கும்.

கிளம்பும் முன் ஐந்து கேள்விகள்

1. கட்டணம் யாருக்கு? உங்கள் கல்லூரிக்கா, அந்தக் கல்லூரிக்கா?

2. பாடங்களுக்கான ஒப்புதல் கையெழுத்தோடு கையில் இருக்கிறதா? ஈடு கிடைக்காத பாடத்துக்கு என்ன வழி?

3. இரண்டு கல்லூரிகளின் தேர்வு, பிளேஸ்மென்ட் தேதிகளை ஒரே தாளில் எழுதிப் பார்த்தீர்களா?

4. விசா எத்தனை முறை நுழைய அனுமதிக்கிறது? பக்கத்து நாட்டுக்குப் போய்த் திரும்ப முடியுமா? காப்பீடு அங்கேயும் செல்லுமா?

5. அந்த ஊரில் மட்டுமே கிடைக்கும் ஒரு பாடமாவது உங்கள் பட்டியலில் இருக்கிறதா?

முதல் நான்கில் ஒன்றுக்கு "இல்லை" அல்லது "தெரியாது" என்று பதில் வந்தாலும் டிக்கெட் போடாதீர்கள், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஐந்தாவதுக்கு "இல்லை" என்றால், அந்த ஊருக்கு எதற்காகப் போகிறோம் என்று இன்னொரு முறை யோசியுங்கள்.