மூன்று நிமிடமும் 75 மதிப்பெண்ணும்

1970-ல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்க விண்ணப்பித்த மாணவர் இரண்டு கணக்குகளில் தேற வேண்டியிருந்தது. பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பின் பாடங்களுக்கு 200 மதிப்பெண். நேர்முகத் தேர்வுக்கு 75. முதல் கணக்குக்காக வருஷம் முழுக்கக் கண் விழித்துப் படித்திருப்பார். இரண்டாவது கணக்கோ, கதவைத் திறந்து உள்ளே போய், வணக்கம் சொல்லி, கேட்டதற்குப் பதில் சொல்லி வெளியே வருவதற்குள் முடிந்துவிடும். சராசரியாக மூன்று நிமிடம்.

அந்த மூன்று நிமிடத்துக்கு எப்படித் தயாராவது?

விதிமுறை ஐந்து தலைப்புகளைச் சொன்னது. விளையாட்டு அல்லது என்.சி.சி. ஈடுபாடு, பாடத்துக்கு வெளியே செய்த சேவை, உடல் வலு, பொதுவான திறமை, மருத்துவப் படிப்பில் நாட்டம். பார்க்க ஒழுங்கான பட்டியல்தான். ஆனால் என்.சி.சி.யே இல்லாத பள்ளியில் படித்தவர் முதல் தலைப்புக்கு எந்தச் சான்றிதழை நீட்டுவார்? நாட்டம் இருக்கிறது என்பதை எந்தப் பதிலால் காட்டுவார்? வீட்டில் ஒரு டாக்டர் இருந்தால் அந்தப் பேச்சு சாப்பாட்டு நேரத்திலேயே காதில் விழுந்திருக்கும். குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரிப் படி ஏறுகிறவருக்கு, தேர்வுக் குழுவின் மேஜைதான் அந்தப் பேச்சைக் கேட்கும் முதல் இடம்.

இடம் கிடைக்காத மாணவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். சட்டப் புத்தகங்களில் பெரியகருப்பன் வழக்கு என்று நிற்பது அதுதான். 1970 செப்டம்பரில் வந்த தீர்ப்பை நீதிபதி கே.எஸ். ஹெக்டே எழுதினார். 275-க்கு 75 என்பது மேலோட்டமாகப் பார்த்தாலே அதிகம், மூன்று நிமிடத்தில் ஒருவருடைய திறமையை எடைபோடுவது கடினம், முதல் பார்வையில் தோன்றுவதே சரியானதாக இருக்கும் என்று சொல்ல முடியாது என்றெல்லாம் தீர்ப்பு ஒப்புக்கொண்டது. அவ்வளவும் சொல்லிவிட்டு, நேர்முகத் தேர்வே வேண்டாம் என்று தள்ள மறுத்தது.

அது பிடித்த குறை வேறு. ஐந்து தலைப்புக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டிய குழு, மொத்தமாக ஓர் எண்ணை எழுதி வைத்திருந்தது. எந்தத் தலைப்பில் மாணவர் சறுக்கினார் என்பது அவருக்கும் தெரியாது, அவரைத் தேர்வு செய்யாதவர்களுக்கும் தெரியாது. இன்னொரு குறை, சென்னை நகரம் ஓர் அலகு, வெளியூர்க் கல்லூரிகள் ஒவ்வொன்றும் ஓர் அலகு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு போட்டது. ஒரு குழுவின் கை தாராளம், இன்னொன்றின் கை இறுக்கம். கூடுதல் மதிப்பெண் பெற்றவர் ஓர் ஊரில் வெளியே நிற்க, குறைவாக எடுத்தவர் அடுத்த ஊரில் உள்ளே போனார். அலகு வாரியான தேர்வை நீதிமன்றம் செல்லாது என்றது.

இந்த 75 தமிழ்நாட்டில் முளைத்ததல்ல. 1963-லேயே மைசூர் அரசு மருத்துவ, பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத்துக்கு அதே 75-ஐ வைத்திருந்தது. நாடகம், பேச்சுப் போட்டி, சமூக சேவை வரை அங்கே கணக்கில் வந்தன. 1964-ல் சித்ரலேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஒரு மாணவரின் ஆளுமையைப் பேச்சில்தான் பிடிக்க முடியும் என்ற நம்பிக்கை அப்போது பலமாக இருந்தது.

அந்த நம்பிக்கையை உண்மையில் அசைத்தது ஸ்ரீநகர். அங்கிருந்த மண்டலப் பொறியியல் கல்லூரியின் 1979-80 சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50. எழுத்தில் நன்றாக எடுத்தவர்கள் நேர்முகத்தில் அடிமட்டத்துக்குப் போனார்கள். எழுத்தில் பின்தங்கியவர்கள் நேர்முகத்தால் மேலே வந்தார்கள். உள்ளே இருந்தது இரண்டு மூன்று நிமிடம்தான், கேட்டதெல்லாம் அப்பா யார், ஊர் எது என்பதுதான் என்று மாணவர்கள் முறையிட்டார்கள். பொது அறிவுக்கு விழுந்து விழுந்து தயாரான ஒருவரிடம், அவர் தயாராகவே முடியாத ஒரே கேள்வியைக் கேட்டால் என்ன செய்வார்? பிறந்த வீட்டுக்கு யாரும் பாடம் படித்துவிட்டுப் பிறப்பதில்லையே.

அஜய் ஹாசியா வழக்கு என்று பெயர்பெற்ற அந்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்தார்கள். 1980 நவம்பரில் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை நேர்முகத்துக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது. 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று கோடு கிழித்தது. நேர்முகத்தை ஒலிப்பதிவு செய்தால் நல்லது, பிறகு தகராறு வந்தால் உள்ளே நடந்ததற்குச் சாட்சி இருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னது. பதினெட்டு மாதம் ஓடிவிட்டதால் சேர்ந்தவர்களை வெளியேற்றவில்லை.

தமிழ்நாட்டில் 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் சேர்ந்து இடத்தை முடிவுசெய்தன. 'கட்-ஆஃப்' வீட்டுக்கு வீடு புழங்கும் சொல்லானது. நேர்முகம் முழுசாக ஓய்ந்துவிடவில்லை. ஆராய்ச்சிப் படிப்பின் வாசலில் அது வைவா என்ற பெயரில் உட்கார்ந்திருந்தது, இப்போதும் இருக்கிறது.

அங்கே அதற்கு ஒரு நியாயமும் உண்டு. பி.எச்டி. என்பது ஒரு மாணவரும் ஒரு பேராசிரியரும் பல வருஷம் சேர்ந்து இழுக்கும் தேர். இந்தக் கேள்வி உன்னை ஏன் பிடித்துக்கொண்டது, இதைப் பற்றி யார் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள், தரவு எங்கே கிடைக்கும் என்று முகத்துக்கு நேராகக் கேட்காமல் ஒருவரைச் சேர்ப்பது இரு தரப்புக்கும் கஷ்டம். சிக்கல் அந்தப் பேச்சுக்கு எவ்வளவு எடை என்பதில்தான்.

டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கு 70, வைவாவுக்கு 30 என்று வெகுகாலம் இருந்தது. வைவாவில் பாகுபாடு இருக்கிறது என்ற மாணவர்களின் புகாரை ஆராயப் பேராசிரியர் அப்துல் நாஃபே தலைமையில் அமைந்த குழு, எழுத்து மதிப்பெண்ணுக்கும் வைவா மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளி சமூகப் பிரிவுகளுக்கிடையே தொடர்ந்து வேறுபடுவதைக் கண்டது. 30-ஐ 15 ஆக்கச் சொன்னது. நடந்ததோ நேர் எதிர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறை, எழுத்துத் தேர்வை 50 சதவீதம் எடுத்துத் தாண்டும் வேலியாக மட்டும் வைத்து, சேர்க்கையை முழுக்க வைவாவிடம் ஒப்படைத்தது. தலித், பழங்குடி, பிற்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பதை அந்த ஆண்டுகளின் போராட்டங்கள் உரக்கச் சொல்லின. 2018-ல் மானியக் குழு 70-க்கு 30 என்று திருத்தியது. அதே ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றமும் நூறு சதவீத வைவாவை ரத்து செய்தது. 2022-ன் புதிய விதிமுறையிலும் அதே 70-30 நிற்கிறது.

விதி மாறுவதற்குக் காத்திராமல் மாணவர்களே தயார்செய்யும் வேலையை எடுத்துக்கொண்ட கதையும் இதோடு சேர்ந்ததுதான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும் பயணம் செய்து டெல்லியில் வந்து இறங்குகிறவரை விடுதி அறையில் தங்க வைத்து, முன்னே சேர்ந்த அண்ணன்களும் அக்காக்களும் குழுவாக உட்கார்ந்து வைவா நடத்திப் பார்ப்பார்கள். "உங்க சினாப்சிஸை ரெண்டு நிமிஷத்துல சொல்லுங்க" என்று ஆய்வுச் சுருக்கத்தில் தொடங்கும். தமிழில் மளமளவென்று ஓடுகிற யோசனை ஆங்கிலத்தில் மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிடும். "பதறாதீங்க, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, சுத்தி வளைக்காதீங்க" என்பார் ஒருவர். இன்னொருவர் பேனாவால் சினாப்சிஸில் ஒரு வரியை அடிக்கோடிட்டு, "இதை எழுதிட்டு வந்தா இங்கதான் பிடிப்பாங்க, இதுக்குப் பதில் வச்சுக்கங்க" என்பார். திரும்ப முதலிலிருந்து. நான்காவது தடவை சொல்லும்போது குரல் கொஞ்சம் நிமிரும்.

2024 முதல் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணே பலருக்கு அந்த 70-க்குக் கணக்காகிறது. அந்த 70 முடிவு வெளியாகும் நாளிலேயே தெரிந்துவிடும். மிச்சமிருக்கும் 30-க்காக, விடுதி அறையில் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்காருகிறார்.