பாஸானவர் ஏன் திரும்பி வரவில்லை?

சில வருஷங்களுக்கு முன்னால், அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் உதவி மையத்தில் வாரம் இரண்டு மாலை தன்னார்வலராக உட்கார்ந்திருந்தேன். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் தவறாமல் வருவார. இரவு ஷிப்ட் வேலை, நர்சிங் படிக்க ஆசை. பின்னங்களைக் கூட்டுவதில் ஆரம்பித்து ஒரு செமஸ்டர் முழுக்க மல்லுக்கட்டி, கடைசியில் பாஸ் பண்ணிவிட்டார். மார்க் வந்த அன்று மையத்தில் இருந்த எல்லாரிடமும் காட்டினார். அடுத்த செமஸ்டரில் அவரைக் காணோம். அதற்கடுத்த செமஸ்டரிலும் காணோம்.

ஃபெயில் ஆகி நின்றிருந்தால் புரிந்திருக்கும். பாஸானவர் ஏன் வரவில்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போனதில் கிடைத்ததுதான் கீழே இருப்பது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. அமெரிக்காவின் மிகப் பழைய அரசு கம்யூனிட்டி காலேஜ் இல்லினாயில் உள்ள ஜோலியட்டில் 1901-ல் தொடங்கியது. 1947-ல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, வீட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு வருஷப் படிப்பு எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்றது. அறுபதுகளில் இந்தக் கல்லூரிகள் மளமளவென்று பெருகின. கதவு எல்லாருக்கும் திறந்திருக்கும், யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்பதுதான் அவற்றின் பெருமை.

ஆனால் கதவைத் திறந்துவிட்டால் போதாதே. பள்ளிக் கணக்கு மறந்துபோனவர்களை என்ன செய்வது? உள்ளே வந்ததும் ஒரு தேர்வு வைத்து, தேறாதவர்களை அடிப்படைக் கணக்கு வகுப்புக்கு அனுப்பினார்கள். முதலில் இதற்கு ‘ரெமடியல்’ என்று பெயர். அது நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பது மாதிரி இருக்கிறது என்றோ என்னவோ, பிறகு ‘டெவலப்மென்டல்’ ஆயிற்று. பல கல்லூரிகளில் இது ஒரே வகுப்பாக நிற்கவில்லை. எண்கணிதம், தொடக்க இயற்கணிதம், இடைநிலை இயற்கணிதம் என்று மூன்று படி. ஒவ்வொன்றும் ஒரு செமஸ்டர். காசு கட்டணும், உழைக்கணும். ஆனால் பட்டத்துக்கான கணக்கில் ஒன்றுகூடச் சேராது. மூன்றையும் தாண்டினால்தான் கல்லூரிக் கணக்கின் வாசலுக்கே வர முடியும்.

சரி, இதில் தர அங்கீகாரம் எங்கே வருகிறது? அமெரிக்காவில் அங்கீகாரம் கொடுப்பது அரசாங்கம் அல்ல. யுஜிசி தொடங்கிய நம் நாக் போல இல்லாமல், கல்லூரிகளே சேர்ந்து வைத்துக்கொண்ட சங்கங்கள் அவை. தென் மாநிலங்களுக்கான சங்கம் 1895-ல் பிறந்தது. முதலில் கௌரவத்துக்கான விஷயமாக இருந்தது, மெல்லப் பிழைப்புக்கான விஷயமாயிற்று. 1952-ல் கொரியப் போர் வீரர்களுக்கான கல்வி உதவிச் சட்டமும், 1965-ல் உயர்கல்விச் சட்டமும் அரசின் பணத்தை அங்கீகாரத்தோடு முடிச்சுப் போட்டன. அங்கீகாரம் போனால் மாணவர்களுக்கு அரசு உதவித்தொகையும் கடனும் கிடையாது. உதவித்தொகையை நம்பிப் படிப்பவர்கள் நிறைந்த கம்யூனிட்டி காலேஜ், அது இல்லாமல் பிழைப்பது கஷ்டம்.

2001-ல் இந்தத் தென் மாநிலச் சங்கம் தன் விதிகளை மாற்றி எழுதியது. கட்டடம் எத்தனை, நூலகத்தில் புத்தகம் எத்தனை என்று எண்ணியது போதும், மாணவர் என்ன கற்றார் என்று காட்டுங்கள் என்றது. பத்து வருஷத்துக்கு ஒரு முறை அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும்போது, ஒவ்வொரு கல்லூரியும் ஒரு ‘தர மேம்பாட்டுத் திட்டம்’ கொடுக்க வேண்டும். தலைப்பைக் கல்லூரியே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஐந்து வருஷம் கழித்து, என்ன மாறியது என்று அறிக்கை தர வேண்டும். நிறையக் கம்யூனிட்டி காலேஜ்கள் அடிப்படைக் கணக்கையே தலைப்பாக எடுத்தன. வலி எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நல்ல வேலைகளும் நடந்தன. டென்னசியில் கிளீவ்லண்ட் ஸ்டேட் கம்யூனிட்டி காலேஜ் 2008 வாக்கில் விரிவுரையைக் கைவிட்டு, மாணவர்களைக் கணினிக் கூடத்தில் உட்காரவைத்தது. ஆசிரியர் பக்கத்தில் நிற்பார், அவரவர் வேகத்தில் போகலாம். முடிந்தால் ஒரே செமஸ்டரில் இரண்டு படி ஏறலாம். வர்ஜீனியா டெக் 1997-ல் தொடங்கிய முறையிலிருந்து வந்த யோசனை இது.

ஆனால் வகுப்பை நன்றாக நடத்தினால் போதுமா? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இது என் கற்பனைக் கணக்குதான். 100 பேர் முதல் படியில் சேர்கிறார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் 70% பாஸ். பாஸானவர்களில் 80% பேர் அடுத்த வகுப்பில் சேர்கிறார்கள். இரண்டுமே மோசமான எண் இல்லை, இல்லையா? மூன்று படியும் தாண்டி, நான்காவதான கல்லூரிக் கணக்கில் தேறுபவர்கள் எத்தனை பேர்? 12 பேர்.

இப்போது தர மேம்பாட்டுத் திட்டம் பிரமாதமாக வேலை செய்து, எல்லா வகுப்பிலும் தேர்ச்சி 80% ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அறிக்கையில் அழகான வரைபடம் போடலாம். கடைசியில் தேறுபவர்கள் 21 பேர்தான். மீதி 79 பேர் எங்கேயோ கரைந்துபோனார்கள். அவர்களில் பலர் ஃபெயிலே ஆகாதவர்கள்.

உண்மையான எண்கள் 2010-ல் வந்தன. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த தாமஸ் பெய்லியும் அவர் சகாக்களும், வகுப்பை விட்டுவிட்டு ஆளைப் பின்தொடர்ந்தார்கள். அடிப்படைக் கணக்குக்கு அனுப்பப்பட்டவர்களில் மூன்று வருஷத்தில் எல்லாப் படியும் ஏறி முடித்தவர்கள் 33% மட்டுமே. வகுப்பில் தோற்றதால் நின்றவர்களைவிட, சேராமலே போனவர்களும் இடையில் திரும்பி வராதவர்களும்தான் அதிகம். 2012-ல் அதே மையத்தின் ஜூடித் ஸ்காட்-கிளேட்டன் நுழைவுத் தேர்வையே ஆராய்ந்தார். கணக்கில் சுமார் நாலு பேரில் ஒருவரை அந்தத் தேர்வு பெரிய அளவில் தவறான இடத்தில் உட்காரவைக்கிறது என்றார்.

அதன் பிறகுதான் படிகளின் மேலேயே கை வைத்தார்கள். 2013-ல் ஃபுளோரிடா, பெரும்பாலான மாணவர்களுக்கு அடிப்படை வகுப்பு கட்டாயமில்லை என்று சட்டம் போட்டது. டென்னசி 2015-ல் எல்லாரையும் நேராகக் கல்லூரிக் கணக்கிலேயே சேர்த்து, கூடவே ஓர் உதவி வகுப்பையும் வைத்தது. முன்பு ஒரே வருஷத்தில் கல்லூரிக் கணக்கு முடித்தவர்கள் சுமார் 12%. புது முறையில் பாதிக்கு மேல். 2017-ல் கலிபோர்னியாவும் சட்டம் கொண்டுவந்து இதே திசையில் திரும்பியது.

இதோடு சுபம் போட முடியாது. டென்னசியில் தேர்வின் எல்லைக்கோட்டுக்கு அருகே இருந்தவர்களை வைத்துச் செய்த பிந்தைய ஆய்வில், கணக்கு பாஸானவர்கள் கூடினார்கள். ஆனால் பட்டம் வாங்கியவர்கள் எண்ணிக்கை கூடியதாகத் தெரியவில்லை. இரவு ஷிப்டும் வீட்டு வாடகையும் அப்படியேதானே இருக்கின்றன!

அங்கீகாரச் சங்கங்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கேட்டிருக்காவிட்டால் பல கல்லூரிகள் எண்ணிப் பார்த்தே இருக்காது. ஆனால் வகுப்பை எண்ணுவது சுலபம், இரண்டு வகுப்புக்கு நடுவில் காணாமல் போனவரை எண்ணுவது கஷ்டம். நான் சொன்ன அந்தப் பெண், அவர் வகுப்பின் கணக்கில் வெற்றி. கல்லூரியின் கணக்கில் அவர் எதிலுமே இல்லை.

இனி யாராவது “எங்க பாஸ் பர்சன்டேஜ் இவ்வளவு” என்று பெருமையாகச் சொன்னால், அவர்களில் எத்தனை பேர் அடுத்த செமஸ்டரில் வந்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.