நாள்பட்ட வலியும் தொழிலாளர் மருத்துவ ஆதரவும்: திருவாடானை வட்டாரம்

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும், அல்லது விட்டுவிட்டுத் திரும்பும் வலியை மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்கிறார்கள். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் 11-ஆம் நோய் வகைப்பாடு இதற்குத் தனி இடம் தந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் வலியே இல்லை என்றாகிவிடாது. வேலை கொடுப்பவர்கள் பலருக்கு இது இன்னும் புரியவில்லை.

ராமநாதபுரம் மாவட்டத்தில் நெல் மிகுதியாக விளையும் பகுதி திருவாடானை. மானாவாரியில் நேரடியாக விதைப்பதால் களை மண்டும். அதை நாள் முழுக்கக் குனிந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மிளகாய்ப் பழம் எடுப்பதும் குனிந்துதான். தொண்டிக் கடற்கரையில் வலை இழுப்பவர்களுக்குத் தோளும் இடுப்பும் தேய்கின்றன. வலி மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு மறுநாளும் வேலைக்குப் போவதே இங்கு வழக்கம். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை.

சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களின் நிலை வேறு. 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டத்தில் உருவான இ.எஸ்.ஐ. திட்டம், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு உரியது. ஊதியத்தில் 0.75 சதவீதத்தைத் தொழிலாளியும் 3.25 சதவீதத்தை முதலாளியும் செலுத்துகிறார்கள். மருத்துவர் சான்றளித்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை, ஊதியத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். நீண்டகால நோய்ப் பட்டியலில் முதுகெலும்புத் தட்டு விலகலும் இருக்கிறது. தகுதியான பணிக்காலம் இருந்தால் உதவி 80 சதவீதமாக உயர்ந்து, இரண்டு ஆண்டுகள் வரை நீளலாம். பட்டியலில் பெயர் இல்லாத வலிக்கு இந்த நீட்டிப்பு எளிதில் கிடைப்பதில்லை. எனவே நோயின் பெயரைச் சான்றிதழில் துல்லியமாக எழுதி வாங்குவது மிக முக்கியம். என்ன வேலை செய்கிறோம், எவ்வளவு நேரம் குனிகிறோம், எவ்வளவு எடை தூக்குகிறோம் என்பதை மருத்துவரிடம் நோயாளியே சொல்ல வேண்டும்.

கடைகளில் நிற்பவர்களுக்கு இன்னொரு பிடிமானம் உண்டு. 2018-இல் கேரளம் செய்ததைப் போலத் தமிழ்நாடும் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. கால்வலியோடு ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு இது சலுகையன்று, உரிமை.

வயலிலும் கடலிலும் உழைப்பவருக்கு முதலாளி என்று நிலையாக ஒருவர் இல்லை. ஆதலால் ஆதரவு வேறு வழியில் வர வேண்டியிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. 2024-இல் இத்திட்டம் தொழிற்சாலைப் பணியிடங்களுக்கும் விரிந்தது. அங்கே இரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனைக்கே முதலிடம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பட்டியலிலுள்ள சிகிச்சைகளின் செலவை ஏற்கும்; வேலைக்குப் போகாத நாட்களின் கூலியை ஈடுகட்டாது. களை பறிப்பவரை மாத்திரையோடு மறுநாளும் வயலுக்கு அனுப்புவது இந்த இடைவெளிதான்.