ஏகமனதாக

சென்ற வாரம் ஓய்வூதியர்கள் சிலர் கூடிப் பேசினோம். யார் என்ன யோசனை சொன்னாலும் ஒரு நண்பர் "அது சரிப்பட்டு வராது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் போயிற்று, ஒன்றும் முடிவாகவில்லை. வெளியே வந்தபோது இன்னொருவர், "இவருக்கு மானூர்ச் சட்டம்தான் சரி" என்றேன் என்று நான் சொன்னதைக் கேட்டு, அது என்ன சட்டம் என்றார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

மானூர் திருநெல்வேலிப் பக்கத்து ஊர். அங்குள்ள சிவன் கோயிலில் பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 800ஆம் ஆண்டு வாக்கில் வெட்டியது. ஊர்ச் சபையில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்று விதித்துவிட்டு, கூடவே இன்னொரு விதியையும் சேர்த்திருக்கிறார்கள். வருகிற ஒவ்வொரு பொருளுக்கும் "அன்று, அன்று" என்று குறுக்கே நிற்பவருக்கு 5 காசு தண்டம். அவருக்குத் துணை நிற்பவருக்கும் தண்டம் உண்டு. ஆக, இந்த நோய் நம் காலத்தது அல்ல. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே மருந்து எழுதியிருக்கிறார்கள்.

அடுத்தது உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள். குடவோலை என்றவுடன் நமக்கு நினைவு வருவது இந்த ஊர்தான். 921இல் அந்தச் சபையில் அரசன் ஆணைப்படி உடனிருந்தவர் நம் சோழ நாட்டிலிருந்து போன ஓர் அதிகாரி. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. ஓலையை எடுப்பவன் விவரம் அறியாத சிறுவன். அதை வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கி, எல்லோரும் கேட்க வாசிக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வர முடியாது. முடிவில், சபையார் பணிக்க இதை எழுதியவன் நான் என்று மத்தியஸ்தன் இராஜமல்ல மங்கலப்பிரியன் தன் பெயரையும் வைத்திருக்கிறான். எழுத்தராக வேலை பார்த்த எனக்கு அந்தக் கடைசி வரியே முக்கியமாகப் படுகிறது.

இவற்றைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களின் சபைகள் அவை. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. ஆனாலும் கூட்டம் எங்கே கெட்டுப்போகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். கூட்ட நடவடிக்கைக் குறிப்புக்குப் பிரெஞ்சில் 'புரோசே வெர்பால்' என்று பெயர். 'வெர்பால்' என்றால் வாய்ச்சொல். வாயால் சொன்னது காகிதத்தில் ஏற வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, 1954 அக்டோபர் 18 அன்று, புதுச்சேரிக்கு அருகே கீழூரில் ஒரு கூட்டம் நடந்தது. பிரெஞ்சு ஆட்சி போய் இந்தியாவோடு இணையலாமா என்று 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. ஊரே ஒரு பக்கம் நின்ற காலம். ஆனாலும் அந்த 8 வாக்குகளையும் எண்ணி எழுதிவைத்தார்கள்.

இப்போது என் தவற்றைச் சொல்கிறேன். ஆற்றில் தண்ணீர் குறைந்து முறைப்பாசனம் வைத்த ஒரு வருஷம். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் கூட்டம். ஏற்பாட்டை மேலதிகாரி வாசித்தார். கடைமடையிலிருந்து வந்திருந்த ஒரு கிராம நிர்வாக அலுவலர் எழுந்து, "இந்த முறையில் எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வந்து சேர்றதுக்குள்ள தலைப்பை அடைச்சிடுவாங்க சார், இன்னும் ரெண்டு நாள் வேணும்" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. டீ வந்தது. அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். குறிப்பை எழுதியவன் நான். "ஏகமனதாக ஏற்கப்பட்டது" என்று எழுதினேன். உண்மையில் அந்த வரியை முதல் நாளே தட்டச்சு செய்து வைத்திருந்தேன்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. கடைமடையில் சம்பா கதிர் வாங்கும் நேரத்தில் காய்ந்தது. அவர் அலுவலகத்துக்கு வந்து அந்தக் கோப்பைப் பார்க்கக் கேட்டார். படித்துவிட்டு, "நான் சொன்னது இதில் இல்லையே சார்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. ஊரில் அவரைத்தான் கேட்கிறார்கள், ஏன் சொல்லவில்லை என்று. சொன்னதற்கு அவரிடம் அத்தாட்சி இல்லை. ஒரு வரி எழுதியிருந்தால் தண்ணீர் வந்திருக்குமோ என்னவோ, அவர் பெயராவது காப்பாற்றப்பட்டிருக்கும்.

எல்லாவற்றுக்கும் "அன்று" என்பது ஒரு தவறு. அதற்கு மானூரில் தண்டம் இருந்தது. காரணத்தோடு ஒருவர் ஒரே ஒரு முறை "அன்று" என்றால், அதை எழுதாமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு. அதற்கு எந்தக் கல்வெட்டிலும் தண்டம் நான் பார்த்ததில்லை.

சங்கமோ, கோயில் கமிட்டியோ, குடியிருப்போர் கூட்டமோ, உங்களில் பலர் இன்றும் குறிப்பு எழுதுகிறீர்கள். கூட்டம் முடிவதற்கு முன் "ஏகமனதாக" என்று எழுதிவிடாதீர்கள். மறுத்தவர் பெயரையும் காரணத்தையும் ஒரு வரியில் எழுதி, எல்லோரும் கேட்க வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நான் முப்பது வருஷத்துக்கும் மேல் எழுத்து வேலை பார்த்தவன். எழுதிய வரி எதுவும் என்னைத் தொந்தரவு செய்வதில்லை, எழுதாமல் விட்ட அந்த ஒன்றைத் தவிர.