பள்ளிச் சட்டங்களும் பெற்றோரும் (தமிழ்நாடு)

தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வி, கட்டணம், குழந்தைப் பாதுகாப்பு ஆகியவை பற்றிய சட்டங்களைக் கொண்டுவரவும் மாற்றவும் பெற்றோர் கொடுத்துவரும் அழுத்தம் இக்கட்டுரையின் பொருள். அந்த அழுத்தம் சட்டமன்றத்துக்கு நேர்வழியில் போய்ச் சேர்ந்தது அரிது. மசோதா அவையில் இருக்கும்போது பெற்றோரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. ஒரு மரணத்துக்குப் பின் சாலையில் உட்கார்ந்தும், சட்டம் வந்தபின் நீதிமன்றப் படியேறியும் அவர்கள் பெற்றதே மிகுதி. தண்டையார்பேட்டை, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னைத் துறைமுக வட்டாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே பிள்ளைகளுக்கு வரும் ஆபத்துகளில் பல பள்ளி மதிலுக்கு வெளியே இருப்பவை; பள்ளிச் சட்டங்களோ மதிலுக்கு உள்ளே நின்றுவிடுபவை.

முன்வரலாறு

வடசென்னையைத் தளமாகக் கொண்ட பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் நிறைவேறியது. தலைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. பசியால் பிள்ளைகளை அனுப்பாத பெற்றோரை மனத்தில் வைத்து எடுத்த முடிவுதான். ஆனால் அந்தப் பெற்றோர் அவையில் இல்லை, அவர்களுக்காக வேறொருவர் பேசினார். 1953இல் இராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பாளர்கள் பெயரிட்ட அது மசோதாவாக வரவே இல்லை, அரசாணையாக வந்தது. மறு ஆண்டு காமராஜர் அரசு அதைக் கைவிட்டது. பெற்றோரின் கோபத்தைத் திரட்டிக் கொடுத்தவை கட்சிகளும் திராவிட இயக்கமும். பெற்றோர் பெயரால் பிறர் பேசும் இந்த ஏற்பாடு பிற்காலத்திலும் பெரிதாக மாறவில்லை.

மசோதாவின் பாதை

1976இல் நிறைவேறிய 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. ஆகவே ஒன்றியச் சட்டத்தோடு முரண்படும் மாநில மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். மேலவை 1986இல் ஒழிக்கப்பட்டதால் 234 உறுப்பினர் கொண்ட பேரவை ஒன்றே மசோதாக்களைப் பரிசீலிக்கிறது. தெரிவுக் குழுவுக்கு அனுப்ப விதிகளில் இடமுண்டு, அனுப்புவது அபூர்வம். அறிமுகத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் நடுவே சில நாள், சில வேளை ஒரே இரவு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் குற்றவியல் சட்டத் திருத்த மசோதா 2025 ஜனவரி 10 அன்று அறிமுகமாகி மறுநாளே நிறைவேறியது. அதைப் படித்துப் பார்த்து மனு எழுத நினைக்கும் தாய்க்கு அந்த ஒரு நாளில் தட்டச்சு நிலையத்துக்குக்கூடப் போய்வர முடியாது. மசோதாவை வெளியிட்டு 30 நாள் கருத்துக் கேட்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2014இல் வகுத்த நெறிமுறை மாநிலங்களைக் கட்டுப்படுத்துவதில்லை.

மீதியிருக்கும் வாசல்கள் சில. பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்குப் போய் மனு வாங்குகிறது. தொகுதி உறுப்பினர் நினைத்தால் கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவரலாம். பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கையில் பேசலாம். முதல்வர் தனிப்பிரிவு இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் இராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகைக்குப் போய் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். அதே சாலையில் சற்றுத் தள்ளித்தான் சட்டமன்றம் கூடும் கோட்டை. தண்டையார்பேட்டைக்காரருக்கு ஒரு பஸ் தூரம். தூரம் அவருக்குச் சிக்கல் இல்லை, திங்கட்கிழமைக் கூலிதான் சிக்கல்.

பொதுமக்கள் கருத்தைப் பெரிய அளவில் கேட்டுவிட்டு எழுதப்பட்ட மசோதா ஒன்று உண்டு: மருத்துவப் படிப்புக்கான நீட் நுழைவுத் தேர்விலிருந்து விலக்குக் கேட்ட மசோதா. 2021இல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவுக்கு 86,342 கருத்துகள் வந்தன. அவ்வாண்டு செப்டம்பர் 13 அன்று மசோதா நிறைவேறியது; ஆளுநர் திருப்பி அனுப்பினார்; 2022 பிப்ரவரியில் பேரவை மீண்டும் நிறைவேற்றியது; குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்ததை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார். இதே நோக்கத்தோடு 2017 தொடக்கத்தில் நிறைவேறிய முந்தைய மசோதாக்களின்போது, தண்டையார்பேட்டையின் பெரும்பகுதி அடங்கிய ஆர்.கே. நகர் தொகுதிக்கு உறுப்பினரே இல்லை. ஜெயலலிதா மறைவுக்குப் பின் ஏப்ரலில் நடக்கவிருந்த இடைத்தேர்தல் பணப் பட்டுவாடாப் புகாரில் ரத்தாகி, டிசம்பரில்தான் அந்த இடம் நிரம்பியது.

மரணத்துக்குப் பின் வந்தவை

1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன். நாவரசு ராகிங் கொடுமையில் கொலையுண்டார். அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். டிசம்பரிலேயே அவசரச் சட்டம் வந்தது. 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டமாயிற்று. நாட்டின் பிற பகுதிகளுக்கு அது முன்மாதிரி என்று சொல்வது நியாயமே.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரே கட்டடத்தில் இயங்கிய பள்ளிகளில் சத்துணவுக் கூடத்தின் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். நீதிபதி கே. சம்பத் விசாரணை ஆணையம் அமைந்தது. கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. பள்ளிகளுக்குக் குறைந்தபட்ச நில அளவு நிர்ணயமானது. விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு 2014 ஜூலை 30 அன்றுதான் வந்தது. இழப்பீட்டை உயர்த்தக் கேட்டுப் பெற்றோர் உயர் நீதிமன்றத்தில் நடையாய் நடந்தார்கள். துணைவேந்தர் மகனுக்கு இரண்டு மாதத்துக்குள் சட்டம். கும்பகோணத்தின் ஏழைப் பெற்றோருக்குத் தீர்ப்பு வரவே பத்தாண்டு. இரண்டு விவகாரங்களின் தன்மையும் வேறு என்பது உண்மைதான். என்றாலும் துயரப்படும் தந்தை யார் என்பதும் கணக்கில் சேர்ந்தது என்ற எண்ணத்தைத் தவிர்ப்பது கடினம்.

2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். ஊர்மக்கள் பேருந்தைக் கொளுத்தினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் வெளியாயின. மஞ்சள் வண்ணம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, உதவியாளர், அவசர வழி எல்லாம் அதில் உண்டு. ஆண்டுதோறும் மே மாதம் மைதானங்களில் பள்ளிப் பேருந்துகளை வரிசையாக நிறுத்தி வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் சோதிப்பது அதன் விளைவு. இது சட்டமன்றத்தில் விவாதித்து வந்த சட்டம் அல்ல, மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் அரசு எழுதிய விதி. பிள்ளைகளின் அன்றாடத்தைத் தொடுவது பெரும்பாலும் இத்தகைய விதிகள்தான். ஆனால் விதி வரைவு அரசிதழில் வரும்போது ஆட்சேபம் எழுதி அனுப்பும் பெற்றோர் சங்கங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கட்டணச் சட்டம்

தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு எதிரான பெற்றோர் போராட்டங்கள் நேரடியாகச் சட்டமாக மாறியதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு பள்ளிகள் (கட்டணம் வசூலித்தலை ஒழுங்குபடுத்துதல்) சட்டம். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணத்தை நிர்ணயிக்கும். அது மூன்றாண்டுக்குச் செல்லும். அதற்குமேல் வாங்கினால் குற்றம். முதல் தலைவர் நீதிபதி கே. கோவிந்தராஜன். 2010 மே மாதத்தில் குழு 10,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குக் கட்டணம் அறிவித்தபோது பெற்றோர் கொண்டாடினார்கள், நிர்வாகங்கள் கொதித்தன. ஆயிரக்கணக்கான பள்ளிகள் மேல்முறையீடு செய்தன. கோவிந்தராஜன் அந்த ஆண்டே விலக, நீதிபதி கே. ரவிராஜ பாண்டியன் பொறுப்பேற்று 2011இல் திருத்திய கட்டணத்தை அறிவித்தார். சட்டம் செல்லும் என்று உயர் நீதிமன்றம் முன்பே சொல்லியிருந்தது.

இந்தச் சட்டத்தின் குறை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. குழுவில் நீதிபதி இருக்கிறார். பள்ளிக் கல்வி, தொடக்கக் கல்வி, மெட்ரிகுலேஷன் இயக்குநர்கள் இருக்கிறார்கள். பொதுப்பணித் துறைப் பொறியாளர்கூட இருக்கிறார். பணம் கட்டுபவர் இல்லை. கட்டணத்தைத் தீர்மானிக்கும் விசாரணையில் பள்ளி தன் கணக்கை வைத்துப் பேசும். அந்தக் கணக்கு சரியா என்று கேட்கும் இடம் பெற்றோருக்குச் சட்டத்தில் தரப்படவில்லை. அவர்களுக்கு விடப்பட்டது புகார் கொடுக்கும் உரிமை. புகார் கொடுத்தவரின் பிள்ளை மறுநாளும் அதே வகுப்பில் உட்கார வேண்டும். டி.சி. கொடுத்துவிடுவார்களோ, பரீட்சையில் கை வைப்பார்களோ என்ற அச்சம் சட்டப் புத்தகத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறது. அதோடு நிர்ணயித்த கட்டணத்துக்கு ரசீது கொடுத்துவிட்டு, மீதியைப் புத்தகம், யூனிஃபார்ம், வேன், ஸ்மார்ட் கிளாஸ் என்று பல பெயரில் வாங்கும் வழியைப் பள்ளிகள் கண்டுபிடிக்க நாளாகவில்லை. தமிழ்நாடு மாணவர் பெற்றோர் நலச் சங்கம் போன்றவை அறிக்கை, மனு, வழக்கு என்று தொடர்ந்து பேசிவந்தன. கொரோனா காலத்தில் 2020 ஜூலையில் தனியார் பள்ளிகள் தவணைகளில் 75 விழுக்காடு கட்டணம் வாங்கலாம் என்று வரையறுத்ததும் உயர் நீதிமன்றம்தான், சட்டமன்றம் அல்ல. 1973ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளிட்ட பழைய சட்டங்களுக்குப் பதிலாக 2018இல் நிறைவேறிய தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறைக்கு வர 2023 ஆயிற்று.

எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுப் பாடத்திட்டம் என்ற சமச்சீர் கல்வி விவகாரத்தில் வேறொரு பாடம் கிடைத்தது. அதற்கான 2010ஆம் ஆண்டுச் சட்டத்தை நிறுத்திவைக்கும் திருத்தத்தைப் புதிய அரசு 2011 ஜூன் 7 அன்று நிறைவேற்றியது. பெற்றோர், வழக்கறிஞர்கள், பொதுப் பள்ளிக்கான மாநில மேடை போன்ற இயக்கங்கள் நீதிமன்றத்திலும் தெருவிலும் எதிர்த்தன. உயர் நீதிமன்றம் திருத்தத்தை ரத்து செய்ய, உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 9 அன்று அதை உறுதிசெய்தது. அதுவரை ஏறக்குறைய இரண்டு மாதம் பிள்ளைகள் பாடநூல் இல்லாமல் பள்ளிக்குப் போய்வந்தார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு பெற்றோருக்கு முறையான இருக்கை ஒன்றைக் கொடுத்தது. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் பல ஆண்டு இது ஏட்டில் கிடந்தது. தலைமையாசிரியர் நோட்டை நீட்டினால் அம்மாமார் கையெழுத்துப் போடுவார்கள். 2022இல் பள்ளிதோறும் பெற்றோரைக் கூட்டிக் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன. 2024இல் முன்னாள் மாணவரையும் சேர்த்து உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆயிற்று. தீர்மானங்களைச் செயலியில் ஏற்றலாம். கழிப்பறை, மதில், குடிநீர், வாசலில் வேகத்தடை போன்றவை இப்படி மேலே போகின்றன. சட்டத்தைப் பற்றிப் பேசும் வேலை இந்தக் குழுவுக்குத் தரப்படவில்லை. சுயநிதிப் பள்ளிகளுக்கு இக்குழு கட்டாயமே இல்லை என்பதால், கட்டணத்தால் அவதிப்படும் பெற்றோருக்கு இது எட்டாது.

தண்டையார்பேட்டையும் சுற்றுப்புறமும்

மாநகராட்சியின் 4ஆவது மண்டலமான தண்டையார்பேட்டையில் பெட்ரோலிய முனையங்களும் குழாய்களும் குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கின்றன. 2013இல் இங்கே நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தது தெரியவந்து, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையைத் தாண்டித்தான் காசிமேட்டுப் பிள்ளைகள் பலர் பள்ளிக்குப் போக வேண்டும். பள்ளி நேரத்தில் கனரக வாகனங்களுக்குத் தடை உண்டு. 2025 ஜூனில் பெரம்பூரில் தாயின் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போன சிறுமி தண்ணீர் லாரி மோதி இறந்த பிறகு, அந்தத் தடையை அமல்படுத்தத் தவறியதாகப் போக்குவரத்துப் போலீசார் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். புதிய சட்டம் எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு குடும்பங்கள் சாலைக்கு ஓடின. பின்னர் ஆலைக்கு எதிராக நாள்கணக்கில் உட்கார்ந்தவர்களில் பெண்களே மிகுதி. 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூர் கிராமத் தெருவில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் நெடி பரவி முப்பதுக்கும் மேற்பட்ட மாணவிகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பேரிடர் மீட்புப் படை வந்து பார்த்தது. நவம்பர் 4 அன்று பள்ளி திறந்ததும் மீண்டும் மாணவிகள் மயங்கினார்கள். காரணம் தெரியாமல் ஏன் திறந்தீர்கள் என்று பெற்றோர் நிர்வாகத்தோடும் அதிகாரிகளோடும் வாக்குவாதம் செய்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காற்றை அளக்கும் வண்டியை அனுப்பியது.

இந்தப் பெற்றோர் யாரிடம் மனு கொடுப்பது என்பதில்தான் சட்டத்தின் ஓட்டை தெரிகிறது. பள்ளிக் கல்வித் துறைக்கு ஆலை மேல் அதிகாரமில்லை. வாரியத்துக்கு நீர், காற்றுச் சட்டங்கள் உண்டு. பள்ளியைத் திறக்கலாமா என்று சொல்லும் பொறுப்பு இல்லை. தொழிற்சாலை ஆய்வாளருக்கு ஆலையின் வாசல்வரைதான் வேலை. கும்பகோணத்துக்குப் பின் வந்த நில விதி மாநகராட்சிப் பகுதிப் பள்ளிக்கு 6 கிரவுண்டு இடம் கேட்கிறது. நெரிசல் மிகுந்த வடசென்னையில் அதற்கே பல பள்ளிகள் தடுமாறின. ஆனால் பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கக் கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரச் சான்றுகளை வாங்கிவரும் தாளாளரிடம், பக்கத்துக் குழாயில் என்ன ஓடுகிறது என்று எந்த விண்ணப்பப் படிவமும் கேட்பதில்லை.

தொழிற்சங்கங்களுக்கு இந்த வட்டாரத்தில் நூறாண்டு வரலாறு. 2023 ஏப்ரல் 21 அன்று பேரவை நிறைவேற்றிய 12 மணி நேர வேலை மசோதாவைச் சங்கங்களின் எதிர்ப்பு பத்தே நாளில் திரும்பப் பெறவைத்தது. துறைமுகத்திலும் ஆலையிலும் சங்க அட்டை வைத்திருக்கும் அதே தகப்பன்மார், பிள்ளையின் பள்ளி வாசலில் தனித்தனி ஆளாக நிற்கிறார்கள்.