பட்டாளத்துக்காரர் இம்மானுவேல்

எங்கள் வீட்டுச் சுவரில் மூன்று படங்கள் தொங்கின. கோட்டு போட்ட அம்பேத்கர், உடுப்போடு நிற்கும் என் பெரியப்பா, மீசை வைத்த இன்னொருவர். சின்ன வயதில் அந்த மூன்றாவது ஆளைக் காட்டி, "இவுக நமக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். பெரியப்பா சொன்னார்: "சொந்தமெல்லாம் ஒண்ணுமில்லடே. என்னிய மாதிரி பட்டாளத்துல இருந்து திரும்பி வந்த ஆளு. நான் வந்து சும்மா இருந்தேன். அவுக சும்மா இருக்கல."

ராதாபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து செப்டம்பர் 11ஆம் தேதி விடியுமுன்னே வேன் ஏறிப் பரமக்குடி போய் வந்தவர்களைக் கேளுங்கள். இம்மானுவேல் சேகரன் எப்படிக் கொல்லப்பட்டார் என்பதை நேரில் பார்த்தது போலச் சொல்வார்கள். எப்படி வாழ்ந்தார் என்று கேட்டால் பேச்சு குறைந்துவிடும். நம்முடைய சுவரொட்டிகளும் அப்படித்தான் இருக்கின்றன. தியாகி என்ற சொல் பெரிதாகப் பெரிதாக, அந்த முப்பத்திரண்டு வயது மனிதர் சிறுத்துக்கொண்டே போகிறார்.

1924 அக்டோபர் 9ஆம் நாள் முதுகுளத்தூர் பக்கம் செல்லூரில் பிறந்தவர். அப்பா வேதநாயகம் பள்ளி ஆசிரியர். வயலில் கூலிக்கு நின்ற சனங்களுக்கு நடுவில் எழுத்தும் வேதப்புத்தகமும் இருந்த வீடு. 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறை போனார். 1945இல் பட்டாளத்தில் சேர்ந்தார். வெள்ளைக்காரனை எதிர்த்துச் சிறை போனவர் மூன்று வருசத்தில் அவனுடைய படையில் எப்படிச் சேர்ந்தார் என்று சிலர் கேட்கிறார்கள். ஊரில் கிடைக்காதது அங்கே கிடைத்தது என்பதே என் பதில். காலுக்கு பூட்ஸ், மாதச் சம்பளம், பெயருக்கு முன்னால் ஒரு பதவி.

பட்டாளம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 'வீர இனம்' என்று ஒரு பட்டியல் போட்டு, 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியவனும் அதே வெள்ளைக்காரன்தான். அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சுபேதாராக இருந்தவர். அந்த வாசல் அடைபட்டதால் சமூகம் எதை இழந்தது என்று மகனுக்குத் தெரியும். 1927 சனவரி 1ஆம் நாள் அவர் பீமா கோரேகான் தூணுக்கு முன் போய் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டாம் உலகப்போருக்கு ஆள் தேவைப்பட்டபோதுதான் அந்த வாசல் அகலத் திறந்தது. 1941இல் மகர் ரெஜிமெண்ட் மறுபடி உருவானது. இம்மானுவேல் உள்ளே போனதும் அந்தப் போர்க்காலத்தில்தான். ஹவில்தார் மேஜர் வரைக்கும் உயர்ந்து ஊர் திரும்பினார்.

திரும்பி வந்த ஊரில் எதுவும் மாறவில்லை. டீக்கடையில் தனிக் குவளை, தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்கவேண்டும், தோளில் துண்டு கிடக்கக்கூடாது. படையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி ஆணை கொடுத்தவனிடம் இதையெல்லாம் சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வான்? 1953இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒடுக்கப்பட்டோர் இயக்கத்தைக் கட்டினார். கிராமம் கிராமமாகப் போய் இரட்டைக் குவளையை எதிர்த்துப் பேசினார். இயக்கத்தின் பெயரை நின்று படிக்கவேண்டும். 'ஒடுக்கப்பட்டோர்' என்றுதான் இருந்தது, ஒரு சாதியின் பெயர் அதில் இல்லை. இன்றைக்கு அவரை ஒரே ஒரு சாதியின் குலதெய்வமாக்கி, குருபூசை என்ற சொல்லையும் மற்றவர்களிடமிருந்து கடன் வாங்கி நிற்கிறோம். இதை எழுதினால் நம் ஆட்களுக்கே கோபம் வரும். வரட்டும்.

1957ஆம் வருசம். பொதுத்தேர்தலில் முத்துராமலிங்கத் தேவர் சட்டமன்றம், நாடாளுமன்றம் இரண்டிலும் வென்று சட்டமன்ற இடத்தை விட்டார். முதுகுளத்தூர் இடைத்தேர்தலில் பார்வர்டு பிளாக்கின் சசிவர்ணத் தேவர் வென்றார். காங்கிரசுக்கு ஓட்டுப் போட்ட சேரிகள் மீது தாக்குதல் தொடங்கி, இரண்டு பக்கமும் ஊர்கள் எரிந்தன. செப்டம்பர் 10ஆம் நாள் கலெக்டர் பணிக்கர் முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம் கூட்டினார். தேவரும் வந்தார், இம்மானுவேலும் போனார். தேவர் உள்ளே வந்தபோது இம்மானுவேல் எழுந்திருக்கவில்லை என்று எங்கள் சனம் சொல்கிறது. இதற்குக் காகித ஆதாரம் கேட்பவர்கள் கேட்கட்டும். அவரைச் சரிக்குச் சமமான தலைவராக ஏற்கமுடியுமா என்ற பேச்சு அங்கே எழுந்தது என்பதைப் பல பதிவுகள் சொல்கின்றன. கூட்டாக ஒரே அறிக்கையில் கையெழுத்துப் போடவேண்டும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அது நடக்கவில்லை, தனித்தனி அறிக்கைகளில்தான் கையெழுத்தானது.

மறுநாள் பாரதி நினைவு நாள். எமனேசுவரத்தில் கூட்டத்தில் கலந்துகொண்டு பரமக்குடி திரும்பியவரை இரவில் வெட்டிக் கொன்றார்கள். முப்பத்து மூன்று முடிய ஒரு மாதம் இருந்தது. மனைவி அமிர்தம் கிரேசும் நான்கு பெண் பிள்ளைகளும் மிஞ்சினார்கள். இந்த அம்மா அதற்கப்புறம் எப்படி நாள் கழித்தார் என்று நம்மில் யார் எழுதினோம்?

செப்டம்பர் 14ஆம் நாள் கீழத்தூவலில் போலீஸ் மறவர் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றது. கலவரம் பரவியது. கொலை வழக்கில் முதல் எதிரியாகச் சேர்க்கப்பட்ட தேவர் 1959 சனவரியில் விடுதலையானார்.

அரசாங்கம் 2010 அக்டோபர் 9ஆம் நாள் இம்மானுவேலுக்குத் தபால்தலை வெளியிட்டது. அடுத்த வருசம் செப்டம்பர் 11ஆம் நாள் அவருக்கு அஞ்சலி செலுத்த வந்தவர்களைப் போலீஸ் பரமக்குடியில் சுட்டது. ஆறு பேர் செத்தார்கள். அன்று காலை பரமக்குடி புறப்பட்ட ஜான்பாண்டியனை நம் தாமிரபரணிக் கரை வல்லநாட்டில் பிடித்து வைத்ததுதான் தொடக்கம். விசாரித்த சம்பத் ஆணையம் துப்பாக்கிச் சூடு சரி என்று எழுதியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு செப்டம்பரிலும் தடை உத்தரவு, வாடகை வண்டிக்குத் தடை.

பெரியப்பா இப்போது இல்லை. அவரிடம் பட்டாளத்து மக்கு ஒன்று இருந்தது, எனாமல் பெயர்ந்தது. ஓய்வு பெற்று வந்த புதிதில் ஊர்க் கடையில் சிரட்டையில் டீ கொடுத்தபோது, மறுநாள் இந்த மக்கைக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறார். கடைக்காரர் கைபடாமல் உசரத்திலிருந்து ஊற்றினாராம். "ஊத்துனான், குடிச்சேன். சிரட்டையில குடிக்கல, அவ்வளவுதாம்லே நம்ம போராட்டம்" என்பார். பரமக்குடிக்குப் போகிற அன்றைக்கு மட்டும் அந்த மக்கை எடுத்துக்கொள்ளமாட்டார். அங்கே பஸ் ஸ்டாண்டு கடையில் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடிக் கிளாசில் டீ வாங்கிக் குடித்துவிட்டுத்தான் சமாதிக்கு நடப்பார்.