வெறும் வண்டி

சந்தைக்கு மூட்டை ஏற்றிப் போன வண்டிக்காரன் வெறும் வண்டியோடு திரும்பினால் வீட்டில் அவனுக்கு நல்ல வரவேற்பு இராது. போகும்போது கிடைத்த கூலியை வருகிற வழி தின்றுவிடும். மாட்டுவண்டி போய் லாரி வந்த பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை. 'ரிட்டன் லோடு' கிடைத்ததா என்பதுதான் லாரிக்காரர்களின் பெருங்கவலை.

சரக்கு இல்லாமல் லாரி காலியாகத் திரும்புவது சகஜம். ஆனால், சரக்கு மலைபோல் குவிந்திருந்தும் காலியாகத் திரும்பிய லாரிகளின் கதை உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்காவில் 45 ஆண்டுகள் நடந்த கதை அது.

1930-களில் அங்கே கடுமையான பொருளாதார மந்தம். பலர் கடனுக்கு லாரி வாங்கி, கிடைத்த கூலிக்குச் சரக்கு ஏற்றினார்கள். கூலி சரிந்தது, ரயில்வேக்கள் முறையிட்டன. 1935-ல் ஒரு சட்டம் வந்தது. மாகாண எல்லை தாண்டிக் கூலிக்குச் சரக்கு ஏற்ற, ரயில்வேக்களைக் கட்டுப்படுத்த 1887-ல் ஏற்பட்ட வர்த்தகக் கமிஷனின் அனுமதி வேண்டும் என்றது அது. விவசாயிகளுக்காக மட்டும் ஒரு சலுகை: கால்நடை, மீன், விளைபொருள்களுக்கு அனுமதி தேவையில்லை.

சிறிய லாரிக்காரன் அந்தச் சலுகையைப் பிடித்துக்கொண்டான். பிளாரிடாவில் ஆரஞ்சு ஏற்றி நியூயார்க் போய்ச் சேர்ந்தான். திரும்பும்போது? ஆப்பிளோ உருளைக்கிழங்கோ அகப்பட்டால் அதிர்ஷ்டம். துணியும் இயந்திரமும் எதிரே கிடக்கும், தொட உரிமையில்லை. ஆயிரம் மைல் காலி லாரி! கடன் தவணை மட்டும் காத்திருக்கும். அனுமதி பெற்ற கம்பெனிக்குத் திரும்பும் பயணத்துக்கு லாரியை வாடகைக்கு விடலாம். ஆனால் கூலியில் ஒரு பங்கு கம்பெனிக்குப் போய்விடும்.

எது விளைபொருள் என்ற சண்டை சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. இறகு பறித்துச் சுத்தம் செய்து உறையவைத்த கோழி எந்த இனம்? விளைபொருள்தான் என்று 1956-ல் தீர்ப்பாயிற்று. நமக்குச் சிரிப்பு வருகிறது. கோழி ஏற்றியாவது ஊர் திரும்ப நினைத்தவனுக்கு அது சோற்றுப் பிரச்னை.

1980 ஜூலை 1-ந் தேதி ஜனாதிபதி கார்ட்டர் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். அனுமதி பெறுவது எளிதாயிற்று. 1995 முடிவில் அந்தக் கமிஷனே கலைக்கப்பட்டது.

லாரிக்காரனின் கஷ்டம் தீர்ந்ததா? பாதிதான். கதவு எல்லோருக்கும் திறந்ததால் போட்டி பெருகிக் கூலி இறங்கியது. முன்பு சரக்கு இருந்தது, உரிமை இல்லை. பிறகு உரிமை வந்தது, கேட்ட கூலி இல்லை. காலியாகத் திரும்புவதா, கிடைத்ததற்கு ஏற்றுவதா என்று அவன் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.